ஹோட்டல் மிச்சத்தில் இருபது வெண்பன்றிகள்: அரை டிரம் அடுப்பு, வடிகட்டல், உப்பு

இரண்டாவது தொகுதி வெண்பன்றிகள் ஆனிக் கடைசியில் வண்டி ஏறின. இருபது உருப்படி, சராசரி 81 கிலோ, பட்டியில் இருந்தது 160 நாள். முந்தைய தொகுதி 180 நாள் தின்றும் சராசரி 63 கிலோவில் நின்றுவிட்டது; அதில் ஒன்று செத்தும் போனது. இரண்டுமே 75 சதவீத யார்க்‌ஷையர் கலப்பு, வந்து இறங்கும்போது 11 கிலோ, அதே கொட்டில். வேகவைத்த விதம், வடித்த விதம், கூடச் சேர்த்த அடர்தீவனம் (தானிய மாவும் பிண்ணாக்கும் கலந்தது), தண்ணீர் ஏற்பாடு இவைதான் மாறின. கோவைக்கு வெளியே ஹோட்டல் கழிவை நம்பிப் பன்றி வளர்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அளவுகளோடு எழுதி வைக்கிறோம்.

மிச்சம் வருவது ஒரு சைவ ஹோட்டல், ஒரு மெஸ், ஒரு கல்யாண மண்டபம் ஆகிய மூன்று இடங்களிலிருந்து. மூடி போட்ட 60 லிட்டர் நீல டிரம்கள் நான்கு, பழைய லோடு ஆட்டோ ஒன்று, போக வர 30 கிலோமீட்டர். சராசரியாக நாளுக்கு 120 கிலோ கிடைக்கும். இறைச்சிக் கடைக் கழிவு, கோழிக்கடைக் குடல், பச்சை மீன் கழிவு எதையும் ஆரம்பத்திலிருந்தே ஏற்றவில்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்று பலர் அதைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். செய்யாதீர்கள்.

முதல் வாரமே தெரிந்த விஷயம்: ஹோட்டல் முதலாளி சம்மதித்துவிட்டால் போதாது, பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவர்தான் உங்கள் தீவனத் தரத்தை முடிவு செய்பவர். அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, பார்சல் கவருக்குத் தனியாக ஒரு தொட்டி வைத்த பிறகு ரப்பர் பேண்ட் பாதிக்கு மேல் குறைந்தது. ஊறுகாய், அப்பளம், டீத்தூள், காபித்தூள், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றையும் அந்தத் தொட்டியிலேயே போடச் சொன்னோம்.

பொறுக்குவதற்கு ஒரு மேசை. நான்கடிக்கு இரண்டரையடி ஆங்கிள் சட்டம், மேலே அரை அங்குலக் கம்பி வலை, ஒரு பக்கம் நான்கு அங்குலம் தாழ்த்தி வைத்தது. டிரம்மை அப்படியே கவிழ்த்தால் குவியலுக்கு உள்ளே எதுவும் தெரியாது. பாதி பாதியாகக் கொட்டிப் பரப்ப வேண்டும். வெளியே எடுப்பது: பிளாஸ்டிக் கவர், பார்சல் நூல், பல் குத்தும் குச்சி, ஐஸ்கிரீம் கரண்டி, எலும்பு, டிஷ்யூ, முழு வாழை இலை. இலையைப் பன்றி தின்னும், ஆனால் வயிற்றை அடைத்துக்கொண்டு சத்து எதுவும் தராது. 120 கிலோவில் இப்படிக் கழிவது ஏறக்குறைய 8 கிலோ. ஸ்டேப்ளர் பின் கண்ணுக்கு அகப்படாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் வைத்து, மேலே பாலித்தீன் பை சுற்றிக் கட்டி, ஒவ்வொரு கொட்டலுக்குப் பிறகும் உழுவது போல் இழுத்தோம். முதல் நாள் நான்கு பின்னும் ஒரு ஊக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. பையைக் கழற்றி உள்வெளியாகத் திருப்பினால் பின்கள் பையோடு போய்விடும், காந்தத்தைச் சுரண்ட வேண்டியதில்லை.

பூஞ்சை பிடித்த ரொட்டியோ சோறோ இருந்தால் அந்த டிரம்மே வேண்டாம். பூஞ்சை விஷம் வேகவைத்தாலும் போகாது. லேசான புளிப்பு வாடை வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது அடுப்பு. இங்கேதான் மிகப் பெரிய தவறு நடந்தது. 200 லிட்டர் டிரம்மை நிற்க வைத்து, மூன்று கல் கூட்டி, கீழே சீமைக்கருவேல விறகு. முக்கால் அளவு நிரப்பி ஒரு மணி நேரம் எரித்தோம். ஓரமெல்லாம் பொக் பொக் என்று கொப்புளம் வெடித்தது, ஆவி பறந்தது, பார்த்தவர்கள் எல்லாரும் வெந்துவிட்டது என்றார்கள். நீளக் கம்பி உள்ள தெர்மாமீட்டரை நடுவில் இறக்கினால் 58 டிகிரி. அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கரி. சோறும் இட்லியும் குழைந்த கூழ் தண்ணீர் மாதிரி தானாகப் புரண்டு கொதிக்காது. சூடு பட்ட இடம் கருகும், நடு அப்படியே இருக்கும். ஆழமான டிரம்மில் துடுப்பு அடிவரை போனாலும் அடி மூலையைச் சுரண்ட முடியாது. அப்படி அரைகுறையாக வெந்ததைத்தான் முதல் தொகுதிக்கு ஆறு வாரம் போட்டிருக்கிறோம். அந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை பேதி வந்தது.

பேதியோடு போனது நல்ல காலம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரிய வந்தது 2020இல், அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும். 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அதனால் செத்தன. கோவையிலிருந்து இரண்டு இடமும் ஒரு நாள் பயணத்துக்குள். இந்த நோய்க்கு இங்கே போடத் தடுப்பூசி இல்லை. வந்தால் பட்டியே காலி. இலையில் மிஞ்சிய ஒரு துண்டு பன்றிக்கறி அரைவேக்காட்டில் தீனித் தொட்டிக்கு வந்தால் போதும். 2001இல் பிரிட்டனில் லட்சக்கணக்கான கால்நடைகளை அழிக்க வைத்த கோமாரி, நார்தம்பர்லேண்டில் வேகவைக்காத எச்சில் உணவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையோடு தொடர்புபடுத்தப்பட்டது. அந்த வருடமே அங்கே எச்சில் உணவு போடுவதைத் தடை செய்தார்கள். அமெரிக்கச் சட்டம் வேறு வழி எடுத்தது: கொதிநிலையில் 30 நிமிடம். எங்கள் பட்டிக்கும் அந்த 30 நிமிடத்தையே விதியாக வைத்துக்கொண்டோம்.

புது அடுப்புக்கு அதே அளவு டிரம்மை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டினோம். சமையல் எண்ணெய் வந்த டிரம் மட்டும்தான் வாங்க வேண்டும். பெயிண்ட், மருந்து வந்தவை எவ்வளவு கழுவினாலும் ஆகாது. ஒவ்வொரு பாதியும் 88 செ.மீ. நீளம், 57 அகலம், நடுவில் 28 ஆழம். விளிம்பு வரை 100 லிட்டர் பிடிக்கும், ஆனால் 50 கிலோவுக்கு மேல் போட்டால் கிளறும்போது வழியும். அடி வளைவாக இருப்பதால் மூலையே கிடையாது. ஒன்றே கால் அடி அகலத் தகட்டை அந்த வளைவுக்கு வெட்டி ஐந்தடிக் குழாயில் பற்ற வைத்தால் ஒரே இழுப்பில் அடி முழுக்கச் சுரண்டும். விளிம்பை உருட்டி விடச் சொல்லுங்கள், வெட்டிய தகடு கத்தி மாதிரி இருக்கும்.

அடுப்புக் குழி செங்கலில், மண் சாந்து பூசிக் கட்டியது. சிமெண்டு வைத்துக் கட்டிய முதல் சுவர் பத்தே நாளில் வெடித்தது. குழியின் உள் அகலம் 45 செ.மீ., 12 எம்.எம். கம்பிச் சல்லடை அரை டிரம்மின் அடியிலிருந்து 20 செ.மீ. கீழே, மறுமுனையில் தகரப் புகைபோக்கி இரண்டு மீட்டர். முதல் எரிப்பில் வாய்ப் பக்கம் கொதித்தபோது புகைபோக்கிப் பக்கம் 80க்குள் கிடந்தது. குழி நடுவில் குறுக்காக ஒரு செங்கல் படுக்கப் போட்டு, சுவாலையை மேல்நோக்கித் தள்ளி நீளவாக்கில் பரவ விட்டபின் வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் வந்தது. விறகு நாளுக்கு 22 கிலோவிலிருந்து 12 கிலோவானது.

செலவு: டிரம் 900, வெட்டிப் பற்ற வைத்துக் கால் போட்டது 1,300, செங்கல் 250க்கு 2,250, கம்பி 600, புகைபோக்கி 900, முப்பது செ.மீ. கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் 650, கொத்தனார் ஒரு நாள் 1,000. ஆக 7,600 ரூபாய்.

வேகவைக்கும் வரிசை இப்போது இதுதான். ஒவ்வொரு அரை டிரம்மிலும் முதலில் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க விடுகிறோம். வடித்த மிச்சம் 40 கிலோவை மூன்று தவணையாகப் போடுகிறோம், ஒவ்வொரு தவணையும் மீண்டும் குமிழி விட்ட பிறகே அடுத்தது. வெறும் டிரம்மில் மிச்சத்தைக் கொட்டினால் கருகுவது உறுதி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடியோடு கிளறல். வாய்ப் பக்கம், நடு, புகைபோக்கிப் பக்கம் என்று மூன்று இடத்தில் கம்பியை இறக்கி, மூன்றிலும் 97 தாண்டிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறோம். 100 வரவில்லையே என்று முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டோம். கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருக்கிறது, இங்கே தண்ணீரே 98.5 வாக்கில்தான் கொதிக்கும். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கம்பியை விட்டுப் பாருங்கள், உங்கள் ஊருக்கான எண் தெரிந்துவிடும். காலை ஆறு மணிக்குப் பற்ற வைத்தால் எட்டு மணிக்கு முடிகிறது.

வெந்ததை எடுக்கும் வாளிதான் அடுத்த ஓட்டை. பச்சை மிச்சத்தை அள்ளிய அதே வாளியில் வெந்ததை அள்ளியதை ஒரு நாள் கவனித்தோம். அதற்குமுன் எத்தனை நாள் அப்படி நடந்ததோ. அப்புறம் மேசை, டிரம், பச்சை வாளி எல்லாம் அடுப்புக்குக் கிழக்கே. வெந்த வாளி, தீனி வண்டி, கொட்டில் எல்லாம் மேற்கே. பச்சைப் பக்க வாளிக் கைப்பிடியில் சிவப்புக் கயிறு. செருப்பும் இரண்டு ஜோடி. கிழக்கே வேலை பார்த்தவர் கை கால் கழுவி, செருப்பு மாற்றாமல் மேற்கே வருவதில்லை. காலி டிரம்களைச் சுடு தண்ணீரில் சலவைச் சோடா போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்த பிறகே ஆட்டோவில் ஏற்றுகிறோம். நாயும் காகமும் பச்சை மிச்சத்தை இழுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் ஓடும் என்பதால் மேசையைச் சுற்றி வலை அடித்திருக்கிறது.

இப்போது வடிப்பதைப் பற்றி. முதல் தொகுதியில் இதைச் செய்யவே இல்லை. பன்றிகள் வயிறு முட்டத் தின்றன, தொட்டி காலியானது, எடை மட்டும் ஏறவில்லை. ஒரு கிலோ மிச்சத்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் சருகாகக் காய வைத்து எடை போட்டபோது 190 கிராம் மிஞ்சியது. மீதி முழுக்கத் தண்ணீர். 30 கிலோ பன்றிக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் ஏறத்தாழ 1.2 கிலோ வேண்டும். அந்தக் கணக்குக்கு இந்தக் கரைசலை ஆறரை கிலோ குடித்தாக வேண்டும். அந்த வயதுக்கு வயிறு அவ்வளவு கொள்ளாது.

அதனால் பொறுக்கிய 112 கிலோவையும் துளை போட்ட பிளாஸ்டிக் கூடைகளில் இரவு முழுக்க விடுகிறோம். சாம்பாரும் ரசமும் மோரும் 32 லிட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மிஞ்சிய 80 கிலோவை அதே வெயில் சோதனையில் பார்த்தால் உலர் எடை கிலோவுக்கு 250 கிராம் வாக்கில் வருகிறது. வடிந்த தண்ணீர் பச்சைக் கழிவு, அதைப் பன்றிக்கோ மாட்டுக்கோ காட்டக்கூடாது. கிழக்குப் பக்கம் மூடியுள்ள குழியில் இறக்கிச் சுண்ணாம்பு தூவுகிறோம். மாதம் ஒரு முறையாவது இந்த வெயில் சோதனையைச் செய்யுங்கள். மெஸ் மிச்சமும் மண்டப மிச்சமும் ஒன்றாக இருப்பதே இல்லை.

வடித்தால் உப்பும் கூடவே இறங்குகிறது. முதல் தொகுதியில் செத்த பன்றி உப்பில்தான் செத்தது. முகூர்த்த நாள் மிச்சம், ஊறுகாயும் சாம்பாரும் அதிகம். அதே நாளில் மேல்தொட்டி வால்வை யாரோ மூடியிருந்தார்கள். ஒரு இரவும் ஒரு பகலும் நிப்பிளில் (பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனை) தண்ணீர் வரவில்லை. மறுநாள் ஒன்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை, கண் தெரியாதது போல் வட்டம் சுற்றியது, பிறகு நாய் மாதிரிப் பின்னங்காலில் உட்கார்ந்து, கழுத்து பின்னால் வளைந்து வலிப்பு. வால்வைத் திறந்துவிட்டதும் எல்லாம் முண்டியடித்துக் குடித்தன. அது இன்னொரு தவறு. தாகத்தில் காய்ந்த பன்றிக்குத் தண்ணீரை அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும். ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கும் என்று கால்நடை மருத்துவர் வந்து சொன்னபோது நேரம் கடந்திருந்தது.

இப்போது தினமும் காலையில் தீனிக்கு முன் ஒவ்வொரு நிப்பிளின் கீழும் லிட்டர் குவளையைப் பிடித்து அழுத்துகிறோம். ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் சல்லடையில் பாசி அடைத்திருக்கும். பத்துப் பன்றிக்கு ஒரு நிப்பிள், தோள் உயரத்தில், பன்றி வளர வளர உயர்த்துகிற மாதிரி கிளாம்பில் மாட்டியது. தனியாகக் கல் உப்பு எந்தக் கலவையிலும் சேர்ப்பதில்லை.

அடர்தீவனம் இல்லாமல் ஹோட்டல் மிச்சம் மட்டும் போட்டால் பன்றி கொழுக்கும், வளராது. சோறு, இட்லி, தோசை எல்லாம் மாவுச்சத்து. தசை கூடப் புரதம் வேண்டும். 100 கிலோவுக்கு மக்காச்சோள மாவு 40, தவிடு 30, சோயாப் பிண்ணாக்கு 28, தாது உப்புக் கலவை 2. கிலோ 33 ரூபாய் அடங்குகிறது. கடலைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பயம் என்பதால் விட்டுவிட்டோம். 25 கிலோ எடை வரை நாளுக்கு 600 கிராம், 50 வரை 500, அதற்கு மேல் 400. வெந்த மிச்சத்தை ஆறவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் இந்தக் கலவையைக் கொட்டிப் பிசைந்தால் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கையில் உருட்டினால் கொழுக்கட்டை மாவு மாதிரி நிற்க வேண்டும். விரல் இடுக்கில் ஒழுகினால் இன்னும் நீர் அதிகம்.

காலை பத்துக்கும் மாலை நாலரைக்கும் தீனி. முதல் தொகுதிக்கு இருந்த தொட்டி நான்கு மீட்டர். இருபதுக்கு அது பற்றாது, இளைத்தவை ஓரத்தில் நின்று கத்தும். ஒரு பன்றிக்கு 30 செ.மீ. கணக்கில் ஆறு மீட்டராக்கிய பிறகு பெரியதற்கும் சிறியதற்கும் இருந்த எடை வித்தியாசம் நன்றாகச் சுருங்கியது. ஒரு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதடியிலிருந்து வாலடி வரை நீளம், இரண்டும் மீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3. சுற்று 0.80, நீளம் 0.85 என்றால் 37.7 கிலோ. தின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் அசையாமல் நிற்கும், தலை மட்டும் நேராக இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஐந்து பன்றிகளை அளந்து சுவரில் எழுதினோம். ஏற்றம் நாளுக்கு 350 கிராமுக்குக் கீழே போன பதினைந்து நாளில் போய்ப் பார்த்தால், வடிக்கும் கூடைகளைச் சரியாகக் கழுவாமல் துளைகள் அடைத்துப் போயிருந்தன.

கடைசி மூன்று வாரம் மெஸ்ஸிலிருந்து வரும் மீன் குழம்பு மிச்சத்தையும் பஜ்ஜி எண்ணெய்ப் பிசுக்கையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கறியில் மீன் வாடை தங்கும், கொழுப்பு கெட்டியாகாமல் தொளதொளக்கும். வாங்குகிறவர் ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த தடவை விலையில் கை வைப்பார்.

இரண்டாம் தொகுதியில் ஒரு பன்றிக்கு ஆன செலவு: குட்டி 3,500, அடர்தீவனம் 80 கிலோ 2,640, விறகு 576, வண்டி டீசல் 1,200, கழுவுமிடத்தில் கொடுத்தது 265, வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கான (ஆப்பிரிக்கக் காய்ச்சல் வேறு) தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் 160. கூட்டினால் 8,341. உயிர் எடை கிலோ 135 ரூபாய்க்குப் போனது, 81 கிலோவுக்கு 10,935. கையில் நின்றது 2,594, இருபதுக்கு 51,880. ஆள் கூலி இதில் சேரவில்லை: நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் 160 நாளைக்கு 800 மணி நேரம். பிரித்துப் பார்த்தால் மணிக்கு 65 ரூபாய்க்குள். எச்சில் சோறு இலவசம், அதனால் பன்றி வளர்ப்பு சும்மா வரும் லாபம் என்று பேசுகிறவர்கள் இந்த வரியைப் பார்க்க வேண்டும். அதே 70 கிலோ எடையை முழு அடர்தீவனத்தில் ஏற்றியிருந்தால் கிலோ ஏற்றத்துக்கு மூன்றரை கிலோ கணக்கில் தீவனம் மட்டும் 8,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். இங்கே தீனிக்கு ஆனது எல்லாம் சேர்த்து 4,681.

அடுத்த முறை மாற்றப் போவது இரண்டு. ஒன்று, வடிக்கும் கூடைகள் இன்னும் இரண்டு செட். ஒன்றைக் கழுவிக் காயவைக்கும்போது மற்றது வேலைக்கு. இன்னொன்று மாதக் கணக்கு. முதல் தொகுதியை ஆடியில் இறக்கியது பிசகு. குட்டிகள் சிறியவை என்பதால் ஆடியில் மண்டபம் மூடியிருந்தது தெரியவில்லை. பன்றிகள் பெருத்து வாய் அகன்ற மார்கழியில் மண்டபம் மறுபடியும் மூடியது. 120 கிலோ வந்த இடத்தில் 60 கிலோகூட வரவில்லை. தையில் இறக்கி ஆனியில் விற்ற இரண்டாம் தொகுதிக்கு அந்தப் பஞ்சமே வரவில்லை. ஆவணியில் இறக்கினாலும் மார்கழி பெரிய பன்றியின் தீனியில்தான் கை வைக்கும். அதனால் ஆவணிக்குப் பன்னிரண்டு குட்டிகள் மட்டும் சொல்லியிருக்கிறோம், மார்கழிக்கென்று 300 கிலோ மக்காச்சோளம் காயவைத்து மூட்டை கட்டி வைக்கிறோம். இருபதாக ஏற்றுவது தைக்குப் பிறகு.